ஜவ்வரிசி ஏறிய பப்பாளிக் காம்பு

நம்பினால் நம்புங்கள். ஒரு வீட்டில் மாம்பழ டீ போட்டு, வேகவைத்த ஜவ்வரிசியை அதில் கொட்டினார்கள். ஒவ்வொன்றும் கோலிக்குண்டு அளவுக்கு ஊதியிருந்ததால், ஸ்ட்ராவுக்குள் ஒன்றுகூட நுழையவில்லை.

"தொப்பையைக் குறைச்சுட்டு வாங்கடா!" என்று ஸ்ட்ரா டீயை மட்டும் ஏற்றிக்கொண்டது.

"டீ தீர்ந்தா எங்களைக் கழுவி ஊத்திடுவாங்களே!" என்று ஜவ்வரிசிகள் அலறின.

கொல்லைப் பப்பாளி மரத்தின் குழாய் போன்ற இலைக்காம்பு ஒன்றுக்கு அது கேட்டது. படக்கென்று தன்னையே ஒடித்துக்கொண்டு, தலையிலிருந்த இலையை உதறிவிட்டு, ஜன்னல் வழியே டம்ளருக்குள் குதித்தது.

"தாராளமா ஏறுங்கப்பா. உள்ளே இடம் கெடக்கு."

ஜவ்வரிசிகள் சரசரவென்று ஏறின. கடைசி ஜவ்வரிசி மட்டும் நின்றது.

"அண்ணே, இனிமே மரத்துல ஒட்ட முடியாதே?"

"பப்பாளியில பொறந்தவனுக்கு மாம்பழ ருசி வேற எப்படிடா கிடைக்கும்? ஏறு, ஏறு!"