நிலாவைக் கூப்பிடும் பாட்டு

வேலைக்காரப் பெண் பாடிய தாலாட்டு முடிவதற்குள் மேடம் இரண்டு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெற்ற தனக்குக்கூட இப்படி உருகிப் பாட வராது என்று, அறை வாசலில் நின்றபடி தன் மொழியில் நெகிழ்ந்தாள்.

என்ன அர்த்தம் என்று மேடம் கேட்டதற்கு, குழந்தையோடு விளையாட நிலாவைக் கூப்பிடுகிற பாட்டு என்று அவள் சொல்லிவைத்தாள். அந்த வீட்டில் சமையல், துணி, குழந்தை என்று மூன்று ஆள் வேலையை ஒற்றை ஆளாகச் செய்கிறவளுக்கு, மேடத்தின் மொழியில் பொய் சொல்லுமளவுக்குத் தேர்ச்சி வந்திருந்தது.

பாட்டு உண்மையில் இப்படிப் போகும்:

"ஆராரோ ஆரிரரோ, அம்முக்குட்டி கண்ணுறங்கு,
பூசணிக்கா மூஞ்சிக்காரி பூட்டிவெச்சுப் போறாடி,
பொட்டியில நகைக்கடியில் எம்பொஸ்தகமும் தூங்குதடி,
ஓடிப்போனாத் திருடியின்னு ஊரையெல்லாம் கூட்டுவாடி."

தையல் வேலை என்று சொல்லித்தான் ஏஜெண்ட் அவளை விமானம் ஏற்றினான். வந்த அன்றே பாஸ்போர்ட் மேடத்தின் நகைப் பெட்டிக்குப் போனது. போன் எங்கே போனதென்றே தெரியவில்லை. மேடம் கிளம்பினால் வாசல் கதவுக்கு வெளிப்பக்கம் பூட்டு விழும்.

அவளுக்கு முன்னால் வேலை பார்த்தவள், ஊருக்குப் போயே தீருவேன் என்று நின்றாளாம். வளையலைத் திருடினாள் என்று கேஸ் கொடுத்து உள்ளே தள்ளினார்கள். அந்த வளையல் இன்றைக்கும் மேடத்தின் கையில்தான் கிடக்கிறது.

பேசாத பேச்சு எத்தனை நாள்தான் வயிற்றுக்குள் கிடக்கும்? கேட்க இருந்த ஒரே காது குழந்தையினுடையது. அதனால் ராகம் போட்டுத் திட்டினாள். பாஸ்போர்ட், போலீஸ் மாதிரி மேடத்தின் காதில் சிக்கக்கூடிய சொல் எதுவும் வரக் கூடாது; பாட்டுக்கு அது ஒன்றுதான் இலக்கணம்.

பெற்றவளைத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டே பிள்ளை விரல் சூப்பித் தூங்குவதைப் பார்த்தால் மட்டும் கொஞ்சம் உறுத்தும். அதற்காகவே முதல் வரியை எப்போதும் மனசாரப் பாடுவாள்.

அன்று சாயங்காலம் விருந்து. சாரின் புது மேலதிகாரி மனைவியோடு வந்திருந்தார். அந்த அம்மாளுக்குக் கிராப்புத் தலை. மேடத்தின் மொழியைத் தண்ணீர்பட்ட பாடாகப் பேசினாள். கோர்ட்டில் கேஸ் நடத்துகிறவளாம். புருஷன் இவ்வளவு சம்பாதித்தும் பாவம் அலைகிறாள் என்று மேடம் காலையிலேயே வருத்தப்பட்டிருந்தாள்.

காபித் தட்டை நீட்டியபோது, "பார்த்து, சுடும்" என்று பழக்கதோஷத்தில் அவள் தன் பாஷையிலேயே வாய்க்குள் முனகிவிட்டாள். மேலதிகாரி கோப்பையைத் தொட்டு விரலை உதறினார். கிராப்புத் தலை காகிதக் கைக்குட்டையைச் சுற்றிப் பிடித்து எடுத்துக்கொண்டாள். ரொம்ப நாசூக்குக்காரி என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பேச்சு தீர்ந்துபோன ஒரு நேரத்தில், தன் மகள் வேற்று மொழியில் பாடுவாள் என்று மேடம் பெருமை பேசினாள். மூன்று வயதுக் குட்டி சோபா மேல் ஏறி நின்றது.

அந்த வாண்டு இத்தனையையும் மனப்பாடம் பண்ணியிருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. இங்கே ஒருத்தருக்குப் புரிந்து போட்டுக்கொடுத்தாலும் அடுத்த வளையல் கேஸ் அவளுக்குத்தான்.

குட்டி ஒரு எழுத்து பிசகாமல் பாடியது. பூசணிக்காய் வந்ததும், தூங்கவைக்கும்போது அவள் செய்து காட்டுகிற மாதிரியே கன்னத்தை உப்பிக் காட்டியது. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லோரும் சிரித்தார்கள், மேடம்தான் அதிகமாகச் சிரித்தாள். போன உயிர் பாதி திரும்பியது.

இன்னொரு தடவை நிதானமாகப் பாடச் சொல்லிக் கிராப்புத் தலை கெஞ்சினாள். பாடப் பாடச் செல்போனில் பதிந்தும் கொண்டாள். நிலாவைக் கூப்பிடுகிற பாட்டு என்று மேடம் விளக்கம் வேறு கொடுத்தாள்.

தனக்கும் ஒரு தாலாட்டு தெரியும் என்றாள் கிராப்புத் தலை. சின்ன வயதில் அம்மா பாடியது, அர்த்தமெல்லாம் தெரியாது என்று உதட்டைப் பிதுக்கினாள். குட்டியை மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்தபடி, அதே ராகத்தில், யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் பாடினாள்:

"ஆராரோ ஆரிரரோ, அழுதகண்ணு போதும் தாயி,
விடிஞ்சதுமே நான் வருவேன், தொப்பிக்காரர் கூட வருவார்,
பொட்டியில தூங்குறதைத் தட்டித்தட்டி எழுப்பிடலாம்,
பூசணிக்கா மூஞ்சி முன்னே பொத்திக்கிட்டு இரு தாயி."

அவள் கோப்பைத் தட்டை இடுப்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

மேடம் மறுபடி கண்ணைத் துடைத்தாள். உன் பாட்டு மாதிரியே இருக்கிறதே, இதிலும் நிலா வருகிறதா என்று அவளிடம் கேட்டாள்.

"ஆமா மேடம். இந்த நிலா விடிஞ்சதும் வருதாம்."