பின் சக்கரம்

"பிரிச்சுக் காட்டுங்க. எல்லார் கண்ணும் பார்க்கட்டும்" என்றான் இறந்த பையனின் தாய்மாமன்.

மெக்கானிக் முற்றத்தில் குந்தி உட்கார்ந்தார். எதிரே அந்தப் பழைய மோட்டார் சைக்கிள். போலீஸ் நிலையத்திலிருந்து நேற்றுத்தான் வீடு வந்தது. முன் சக்கரம் பிரிக்க முடியாதபடி நசுங்கியிருந்தது. பின் சக்கரத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

பிள்ளையைப் பறிகொடுத்தவள் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரிப் பதினேழு நாள் ஆகிறது. கண்ணில் ஒரு சொட்டு நீர் வந்தும் பதினேழு நாள் ஆகிறது.

அவள் புருஷன் சுவரோரம் நின்றார். வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை. தெருவுக்கு அவர் மீட்டர்காரர். வீட்டில் ஃபேன், குழாய், தையல் மெஷின் எது நின்றாலும் வெளியாளைக் கூப்பிட மாட்டார். மோட்டார் சைக்கிள் பிரேக்கையும் அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரித்துப்போட்டு, சக்கரத்தை உள்ளிருந்து அழுத்தி நிறுத்துகிற புது பிரேக் ஷூ வைத்து, தானே மாட்டினார்.

நாலாம் நாள், வியாழக்கிழமை, பையன் அந்த வண்டியில் போய்ப் பாலத்துச் சுவரில் மோதினான்.

சாலையில் டயர் தேய்ந்த தடமே இல்லை என்றார் போலீஸ்காரர். அப்படியென்றால் பிரேக் பிடிக்கவில்லை. பிரேக்கை மாட்டியது யார்? தெரு முழுக்க அன்றிலிருந்து இதே பேச்சு.

"நாலு தெரு தள்ளி இந்த மெக்கானிக்கோட கடை. ஒரு மணி நேர வேலை" என்றான் தாய்மாமன். "தன் கையே தனக்கு உதவின்னு மாமா அடிக்கடி சொல்வார். நல்லாவே உதவிடுச்சு."



"சும்மா இருடா" என்றாள் அவள். "எனக்கு ஒண்ணு தெரிஞ்சாப் போதும். பிள்ளை மிதிச்சும் வண்டி நிக்கலையா? அதை மட்டும் பார்த்துச் சொல்லச் சொல்லு."

மெக்கானிக் நட்டைக் கழற்றினார். அச்சை உருவினார். சக்கரத்தைச் சாய்த்து மூடியை எடுத்தார். உள்ளே இரண்டு ஷூக்களும் எதிரெதிராகப் பிறை மாதிரி இருந்தன. ஒன்றின்மேல் விரலை வைத்தார். விரல் வழுக்கியது.

"என்ன அது?" என்று குனிந்தான் தாய்மாமன்.

"கிரீஸ்."

"அங்கே கிரீஸ் இருக்கலாமா?"

"கூடாது. ஷூவை விரிக்கிற இடத்துல லேசா ஒரு தொடு, அவ்வளவுதான். ஷூ மேலே பட்டா வழுக்கும், பிரேக் பிடிக்காது. இங்கே ரெண்டு மேலயும் அப்பியிருக்கு."

தாய்மாமன் திரும்பினான்.

"சுவத்துக்குப் பூசற மாதிரி பூசி வெச்சிருக்கீங்களே, மாமா. கண்ணு தெரியலைன்னா கண்ணாடியைப் போட்டுக்கிட்டுச் செய்யக்கூடாதா?"

"கை தவறிடுச்சு" என்றார் மீட்டர்காரர்.

அவள் எழுந்து வந்தாள். அடிக்கப்போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அடிக்கவில்லை.

"இனிமே உங்க கையால ஒரு வாய்த் தண்ணி வாங்க மாட்டேன்" என்றாள் மெதுவாக. "நான் செத்தாலும் நீங்க என்னைத் தொடக்கூடாது."

உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அழுகை கேட்டது. பதினேழு நாளாக உள்ளேயே கட்டிக்கிடந்த அழுகை, வாய்விட்டு, வயிற்றிலிருந்து வந்தது. தாய்மாமன் அவள் பின்னால் ஓடினான்.

முற்றத்தில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். மெக்கானிக் விரலில் ஒட்டியிருந்த கிரீஸை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், ஒண்ணு கேட்கலாமா?"

மீட்டர்காரர் நிமிர்ந்தார்.

"இது வண்டியில ஓடின கிரீஸ் இல்லை. நாலு நாள் ஓடியிருந்தா ஷூ தேய்ஞ்ச பொடியோட கலந்து கரியாகியிருக்கும். இது டப்பாவுல இருந்த நிறத்துலயே இருக்கு. துடைச்சா அடியில ஷூ சுத்தமா இருக்கு. இந்த பிரேக் நல்லாப் பிடிச்சிருக்கும்."

மீட்டர்காரர் ஜன்னலைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நல்லாத்தான் பிடிச்சுது. இன்னைக்குக் காலையில நான் பிரிச்சுப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. கிரீஸை அப்பினது அதுக்கப்புறம்தான்."

"அப்புறம் ஏன் சார் இப்படி?"

"பையன் வேலையை விட்டுட்டு வந்து நின்னான். அந்த வியாழக்கிழமை காலையில அவ திட்டினா. எங்கேயாவது போய்த் தொலைடான்னா. எல்லா அம்மாவும் சொல்றதுதான், தம்பி. அவன் ஒண்ணும் பேசலை. சாவியை எடுத்துக்கிட்டுப் போனான்."

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"பிரேக்ல குறை இல்லைன்னு நீங்க சொன்னா, அவன் ஏன் மிதிக்கலைன்னு அவ யோசிப்பா. யோசிச்சா அந்த ஒரு வார்த்தையிலதான் போய் நிப்பா. அதுக்கு, நான் கொன்னதாவே இருந்துட்டுப் போகட்டும்."

தாய்மாமன் வாசலுக்கு வந்தான். "அக்கா உங்களைக் கூப்பிடறாங்க."

மெக்கானிக் போய் நிலைப்படி அருகே நின்றார். அவள் தரையில் உட்கார்ந்தபடியே தலையைத் தூக்கினாள்.

"மறைக்காமச் சொல்லுப்பா. என் பிள்ளை பிரேக்கை மிதிச்சானா?"

மெக்கானிக் ஒரு தரம் முற்றத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"மிதிச்சிருக்காம்மா. கடைசி வரைக்கும் மிதிச்சிருக்கான். பிரேக்தான் பிடிக்கலை."