நீல ரோபோவின் குரல்

அந்த ஜப்பானிய அனிமேஷன் தொடருக்கு அக்காவும் தம்பியும் சின்ன வயதில் ஒரே மைக்கின் முன் இடித்துக்கொண்டு நின்று டப்பிங் பேசினார்கள். பிரபஞ்சத்தையே இயக்கும் நட்சத்திரக் கல்லுக்காக இரண்டு ராட்சத ரோபோக்கள் மோதும் கதை. சிவப்பு அக்கா, நீலம் தம்பி. அவனுக்கு 'ர' வராது. கடைசி அத்தியாயத்துக்கு முந்தின வாரம் காய்ச்சலில் இறந்துபோனான். தொடரும் அத்தோடு நின்றது.

முப்பது வருடம் கழித்து, மிச்சத்தை முடித்துத் தர அக்காவை அழைத்தார்கள்.

"நீலத்துக்கு யார் பேசுறா?"

"போன வாரமே ஒரு பையன் வந்து பேசிட்டுப் போயிட்டான் மேடம். பேரு கேட்டா சிரிக்கிறான்," என்றார் ஒலிப்பதிவாளர்.

அவள் ஹெட்போனை மாட்டினாள். திரையில் கை முறிந்த நீல ரோபோ கல்லை நீட்டியது.

"இந்தா, நட்சத்திலக் கல்லை நீயே வச்சுக்கோ, அக்கா."

"அந்த 'அக்கா' ஸ்கிரிப்ட்ல இல்ல மேடம். வெட்டிடவா?"

"வேணாம். இருக்கட்டும்."

அடுத்து அவள் சொல்ல வேண்டியது, "கொடு" என்ற ஒரே வார்த்தைதான். அதற்குப் பதினோரு டேக் ஆனது.