டோபி ஏறிய கால்

நாலு மணி வெயில் உலு திராம் ஊரிலுள்ள வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் கொதிக்கிறது. யுகேந்திரனின் மேலாளர் இப்போதுதான் விடைபெற்றுப் போகிறார். விருந்தின்போது அவர் காலைக் கட்டிக்கொண்டு ஏறியது வீட்டு நாய் டோபி. எல்லாரும் சிரித்தார்கள், யுகேந்திரனும்தான். கார் முனை திரும்பியதும் அவன் தண்ணீர்க் குழாயில் மாட்டியிருந்த ரப்பர் டியூபை உருவுகிறான். நாய் அதற்கும் வாலாட்டுகிறது. "அடிக்காதீங்க," என்கிறாள் அவன் மனைவி சாந்தினி. "புது ஆளப் பாத்தா பதட்டத்துல அப்படிச் செய்யும், கூப்ட்டு பந்தக் குடுத்தா விட்டுடும்னு நாய் டாக்டர் சொன்னாருல்ல?" "என் மானம் போச்சு. எனக்கு யாரு பந்து குடுப்பா?" முதல் அடி விலாவில் விழுகிறது. இரண்டாவதில் டோபி நின்ற இடத்திலேயே மூத்திரம் விடுகிறது. கேட் பூட்டியிருப்பதால் ஓட வழியில்லை. காதுகளை மடக்கி, நடுங்கி, ஊர்ந்து வந்து, அடிக்கிறவனின் காலையே முன்னங்கால்களால் இறுகக் கட்டிக்கொண்டு இடுப்பை அசைக்கிறது. "பாத்தியா, இன்னும் கொழுப்பு எறங்கல!" அது கொழுப்பில்லை, பயம் என்று சாந்தினிக்குத் தெரியும். சொல்ல வாயெடுக்கிறாள். டியூபின் நுனி மெல்ல அவள் பக்கம் திரும்புகிறது. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறாள். டோபி உதறிக்கொண்டு ஓடிவந்து நகங்களால் கதவைப் பிறாண்டுகிறது. அவள் தாழ்ப்பாளைப் போடுகிறாள்.