வெள்ளைத்தாள் அடுக்கு

முப்பத்தொரு பலூன்கள் கொடியில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாவற்றின் மேலும் பசையில் தோய்த்து ஒட்டிய காகிதம்.

அதில் ஒன்று என் மகளுடையது. அதற்குள்தான் என் காகிதம் இருந்தது.

கோடை முகாமின் கைவேலை டீச்சர் விளக்கினார். ஊதிய பலூன் மேல் காகிதத்தைக் கிழித்துக் கிழித்து ஒட்டினால் முகமூடி. கத்தரிக்கோல் கூடாது, கிழித்த ஓரம்தான் ஒன்றோடொன்று நன்றாகப் படியும். எத்தனை அடுக்கு ஆயிற்று என்று தெரிவதற்காக ஒரு அடுக்கு செய்தித்தாள், அடுத்தது வெள்ளைத்தாள். வெள்ளைத்தாளைப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும்.

என் மகள் கொண்டுவந்தது, அவள் அம்மா எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம்.

ஒன்றரை வருஷம் நாயாய் அலைந்து வாங்கியது. இன்று வாய்தா. நான்கு மணிக்குள் கோர்ட்டில் கொடுத்தால் பிள்ளை என்னோடு இருப்பாள். இல்லையென்றால் வழக்கு மறுபடியும் முதலிலிருந்து. கையெழுத்துப் போட்டவள் போன வாரமே விமானம் ஏறிவிட்டாள். இன்னொரு தடவை போட்டுக் கொடு என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. மனசு மாறியிருந்தால்?

மணி இரண்டே கால்.

வக்கீலுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, எழுத்தும் கையெழுத்தும் முத்திரையும் தெரிகிற மாதிரி ஒட்டிக் கொண்டு வா, பேசிப் பார்க்கிறேன் என்றார். அதற்கு முன்னால் அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

டீச்சர் நல்ல மனுஷி. வெந்நீர் கொண்டுவந்து வாளியில் ஊற்றினார்.

"நேத்து ஒட்டினதுதான் சார், உள்ள இன்னும் ஈரமாத்தான் இருக்கும். அவசரப்படாம உரிங்க."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

முதலில் செய்தித்தாள் வந்தது. ஒரு டயர் விளம்பரம், பாதி வானிலை அறிக்கை. அதற்குக் கீழே வெள்ளை.

ஊதா நிறத்தில் பாதி முத்திரையைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். முப்பது பிள்ளைகள் வேடிக்கை பார்க்கிறார்கள் என்ற வெட்கம்கூட வரவில்லை. டீச்சர் பெயின்ட் பிரஷ்ஷால் ஒவ்வொரு துண்டாகத் தூக்கித் தட்டில் பரப்பினார். ஒன்று என் விரலிலேயே கூழானது. மகளைப் பற்றிய வரி அல்ல, தேதி. மூச்சு வந்தது.

கையெழுத்தை மட்டும் காணோம். பலூனைத் திருப்பி அழுத்தித் தேடினேன். வெடித்துவிட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர்களுக்கென்ன.

சுருங்கிப்போன காகிதத்தைப் பைத்தியக்காரன் மாதிரி கிளறினேன். மூக்கு வைக்கிற இடத்தில், மடிப்புக்குள் கிடந்தது அவள் கையெழுத்து. நல்லவேளை, பால்பாயிண்ட் பேனா. ஒரு சுழிகூடக் கரையவில்லை.

தட்டில் எல்லாத் துண்டும் சேர்ந்தபோது மணி இரண்டு ஐம்பது. போன உயிர் திரும்பி வந்தது. ஆட்டோவில் போனால்கூடப் போதும்.

அந்தச் சந்தோஷத்தில் மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். இந்த வருஷம்தான் அவள் எழுத்துக்கூட்டாமல் படிக்கத் தொடங்கியிருந்தாள். வீட்டில் அத்தனை காகிதம் இருக்க, என் தலையில் கல்லைப் போட உனக்கு இதுதானா கிடைத்தது என்று கன்னத்தைக் கிள்ளிக் கேட்டேன்.

அவள் கையில் ஒட்டியிருந்த பசையை உரித்தபடியே, பாடத்தில் கேள்வி கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள்.

"மிஸ் வேண்டாத பேப்பர்தான்ப்பா கேட்டாங்க. அதுலதான் வேண்டாம்னு எழுதியிருந்துச்சு."

டீச்சர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

தட்டில், கையெழுத்துக்கு மேலே, அவள் அம்மாவின் குண்டு எழுத்தில் அந்த வரி ஈரமாகக் கிடந்தது. 'குழந்தை எனக்கு வேண்டாம். அவரே வைத்துக்கொள்ளட்டும்.'

பத்து நாளாக அதைத்தான் நான் சந்தோஷத்தில் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். படித்துவிட்டு ஒவ்வொரு தடவையும், வீட்டு அலமாரியில் அவள் கைக்கு எட்டுகிற தட்டிலேயே வைத்திருந்தேன்.