உடன் வருபவர்

"மூக்குக்குள்ள ரெண்டு பக்கமும் சதை வளர்ந்திருக்கும்மா. பயப்படாதீங்க, புற்றெல்லாம் இல்ல" என்றார் டாக்டர்.

திரையில், தோல் உரித்த திராட்சைக் கொத்துபோல் ஏதோ தெரிந்தது. இத்தனை நாள் தன்னோடு குடியிருந்தது இதுதானா என்று அவள் உற்றுப் பார்த்தாள்.

மூக்கில் அடிக்கும் மருந்து ஆறு மாதமாக நடக்கிறது. பலன் இல்லை. மாத்திரை சாப்பிட்ட பத்து நாளும் வாசனை திரும்பி வந்தது, நிறுத்தியதும் போய்விட்டது. அதையே தொடர்ந்து சாப்பிடவும் கூடாதாம்.

மிச்சம் இருப்பது அறுவைச் சிகிச்சை. வெளியே கீறல் இருக்காது. நாசி வழியாகவே மெல்லிய குழாயை விட்டு எடுத்துவிடுவார்கள். மறுபடி வளர்ந்தாலும் வளரலாம்.

சோப்புத் தொழிற்சாலையில் மணம் பார்த்துத் தரம் பிரிப்பது அவள் வேலை. ஒரு வருஷமாக, பக்கத்து மேசைக்காரி முகம் சுளிக்கிறாளா என்று பார்த்துப் பார்த்துத்தான் ஒப்பேற்றுகிறாள்.

போன வாரம் அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் புகைந்தது. எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டிய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

அந்த வீட்டுக்கு அவள் குடிவந்து நான்கு வருஷம். அதுவரை அந்தக் கதவை யாரும் தட்டியதில்லை.

"எடுத்துடலாம் டாக்டர்" என்றாள்.

வெளியே, மேசையிலிருந்த நர்ஸ் படிவத்தை நீட்டினாள். மயக்க மருந்து கொடுப்பதால் கூட ஒருவர் வந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் தேதி கிடையாது.

'உடன் வருபவர்' என்ற இடத்தில் தம்பி என்று எழுதினாள். கீழே ஒரு எண்ணும் எழுதினாள்.

"வர்றாரான்னு ஒரு வார்த்தை கேட்டுடறேன்" என்று நர்ஸ் அங்கேயே அந்த எண்ணை அழுத்தினாள்.

அவள் மடியிலிருந்த பைக்குள், தொழிற்சாலையில் கொடுத்திருந்த கைப்பேசி அடித்தது.

பையை இரண்டு கைகளாலும் இறுக்கிக்கொண்டாள். சத்தம் அடங்கவில்லை. தலை நிமிரவும் முடியவில்லை.

நர்ஸ் பையைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். பிறகு ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தம்பிங்களா? ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேன். செவ்வாய்க்கிழமை காலையில ஏழு மணிக்கு அக்காவ கூட்டிட்டு வரணும்... வர முடியாதா? சரி, பரவால்ல. அன்னிக்கு எனக்கு லீவுதான். அக்கா கூட நான் இருக்கேன்."

பைக்குள் மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.