எதிரொலி நீக்கப்பட்டது

சேனாபதி ஹெட்போனை மாட்டியபோது அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில், சனிக்கிழமை காலை. ஹங்கேரியில் சாயங்காலம் ஆகியிருந்தது.

அங்கேயுள்ள பறவை ஆர்வலர்கள் ஒரு சதுப்பு நிலத்தின் கடைசி ஒலிப்பதிவை அனுப்பியிருந்தார்கள். பொக்லைன் இரைச்சலை நீக்கித் தர வேண்டுமாம், நினைவுக்கு வைத்துக்கொள்ள.

நாணல் மண்டிய அந்தச் சதுப்பில் நேற்று வரை, ஐரோப்பாவில் அருகிப்போன வளைந்த அலகுப் பறவை ஒன்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஜோடியாக இருந்தால் சதுப்பை யாரும் தொடக்கூடாது. ஒண்டியாக இருந்தால் பிடித்துக் கூண்டில் வளர்ப்பார்கள், நிலம் கட்டடம் கட்டுகிறவர்களுக்குக் கைமாறிவிடும். ஒன்றா இரண்டா என்று கண்டுபிடிக்கச் சொல்லி மைக் பதிவுகளை இவனுக்குத்தான் அனுப்பினார்கள்.

ஆபீஸ் மீட்டிங்குகளில் எதிரொலியை ஒழித்துக்கட்டும் சாஃப்ட்வேர் எழுதுவது இவன் பிழைப்பு. காது அதற்கே பழகிப்போயிருந்தது.

அந்தப் பதிவுகளில் ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் பின்னாலேயே சன்னமாக அதே குரல் திரும்பி வந்தது. எதிர்க்கரையில் பம்ப் ஹவுஸ் சுவர் இருப்பதைப் போட்டோவில் பார்த்திருந்தான். அப்புறம் என்ன, சந்தேகமே வரவில்லை. எதிரொலியை நீக்கினான். ஒரே பறவை என்று எழுதி அனுப்பினான். பெருமையாகக்கூட இருந்தது.

நேற்று வலை போட்டு அதைப் பிடித்தார்கள். இன்று காலை சதுப்பில் பொக்லைன் இறங்கிவிட்டது.

"ஏங்க, அதான் பறவைய சேஃபா ரெஸ்க்யூ பண்ணிட்டாங்கல்ல? வீக்கெண்ட் அதுவுமா இன்னும் என்னத்த கேட்டுட்டு இருக்கீங்க?" என்று காபியை வைத்துவிட்டுப் போனாள் மனைவி கலாவதி.

பதிவை ஓடவிட்டான். பொக்லைன் உறுமியது. அதைக் குறைத்தான்.

பின்னால் அந்தப் பழைய எதிரொலி கேட்டது.

பாழாய்ப்போன சாஃப்ட்வேர் பதிவுகளைக் கலந்துவிட்டதோ என்று தேதியைப் பார்த்தான். இன்றைய பதிவுதான்.

கூப்பிட்ட பறவை கூண்டில் இருக்கிறது. சுவர் தானாகக் கூப்பிடாது.

ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

குரல் மறுபடி வந்தது. பதிலுக்குக் காத்திருப்பது போல் கொஞ்சம் இடைவெளி விட்டது. மறுபடி கூப்பிட்டது. பொக்லைன் நெருங்க நெருங்க, இருந்த இடத்தை விட்டு அது அசையவே இல்லை. அடியில் முட்டை இல்லாமல் எந்தப் பறவையும் அப்படி உட்கார்ந்திருக்காது.

பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டு ஹங்கேரிக்குப் போன் போட்டான்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஹெட்போனில் இப்போது பொக்லைன் மட்டும் கேட்டது.